பொய்க்காலோடு டாவோஸ் பனிக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, நான் முல்லைத்தீவுப் பக்கம். வயது 41. 2009 இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் போட்டுத்தான் நடக்கிறேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், சைக்கிளும் ஓடுவேன். தம்பி சுவிஸில் டாவோஸ் என்ற மலை நகரத்தில் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறான். வருகிற நத்தார் லீவுக்கு என்னையும் அம்மாவையும் கூப்பிடுகிறான். படத்தில் பார்த்தால் ஊர் முழுக்க வெள்ளை. மச்சாள் ‘வீல்செயார் ஒண்டு எடுத்து வைக்கிறம், அதில இருந்தே எல்லாம் பாக்கலாம்’ என்கிறா. அம்மா ‘ரெண்டு கால் இருக்கிறவையே வழுக்கி விழுகினம், உனக்கேன் இந்த வேலை’ என்கிறா. எனக்கு ஒரு தரமாவது அந்தப் பனியில் நடந்து பார்க்க ஆசை. குளிருக்கு என் கால் என்ன செய்யும்? பொய்க்கால் வெடித்துவிடுமா? போகலாமா, வேண்டாமா? காலின் படமும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தங்கச்சி,

போகலாம். நடக்கவும் நடக்கலாம். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓடித் திரிகிற ஒருவருக்கு டாவோஸின் நடைபாதை எட்டாத இடம் இல்லை. ஆனால் ஒன்று. நீங்கள் குளிரைக் கேட்டிருக்கிறீர்கள், வெடிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா வழுக்கலைச் சொல்லிப் பயப்படுகிறா. சப்பாத்தைப் பற்றி ஒருவருமே கேட்கவில்லை. செயற்கைக் கால் செய்கிறவள் என்ற முறையில் எனக்கு முதல் கவலை அதுதான். நீங்கள் அங்கே நடந்து திரிவதும், இரண்டாம் நாளே வீட்டுக்குள் முடங்குவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

படத்தில் தெரிவது பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த சொக்கெட், அதாவது வெட்டிய கால் நுழைகிற கிண்ணம், உள்ளே பெலைட் என்ற நுரை மெத்தை, முழங்காலுக்கு மேலே ஒரு பட்டி, அடியில் ஜெய்ப்பூர் வகை ரப்பர் பாதம். வன்னியில் பலர் போட்டு நடக்கிற கால். அந்தப் பாதத்தை 1968 இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கினார்கள். வெறுங்காலோடு நடக்கிற, குந்தி இருக்கிற, வயலில் இறங்குகிற ஆட்களை நினைத்துச் செய்தது. அதனால் அதில் குதி உயர்ந்த சப்பாத்துக்கு இடமே வைக்கப்படவில்லை. தட்டையான நிலத்தில் நின்றால் முழங்கால் நேராக நிற்கும்படி பொருத்தியிருப்பார்கள். நமது வெயிலுக்கும் முற்றத்துக்கும் அது அருமையான கால். பனிச் சப்பாத்து அதன் கணக்கில் இல்லை.

நான் சொல்வதை இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள். பொய்க்காலைப் போட்டுக்கொண்டு வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடியுங்கள். குதிக்கு அடியில் மட்டும் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை வைத்து நில்லுங்கள். முழங்கால் தானாக முன்னுக்குத் தள்ளுப்படும். யாரோ பின்னால் நின்று இடிப்பது மாதிரி இருக்கும். அதே கொப்பியை எடுத்து விரல் பக்கத்துக்கு அடியில் வையுங்கள். இப்போது முழங்கால் பின்னுக்கு இழுபடும். வலது காலில் இதே வேலையைச் செய்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கணுக்கால் மடிந்து அந்த உயரத்தைச் சமாளித்துவிடும். ரப்பர் பாதம் பாரம் விழுந்தால் வளைந்து கொடுக்குமே தவிர, இப்படித் தானாக மடிந்து சமாளிக்காது.

குளிர்நாட்டுச் சப்பாத்துகள் பலவற்றில் குதிப் பக்கம் விரல் பக்கத்தைவிட இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் முன்னுக்கு மடியப் பார்க்கும். விழுந்தால் பழி பனிக்குப் போகும். தம்பி ‘இங்கே நல்ல டொக்டர்மார் இருக்கினம், காலைத் திருத்தலாம்’ என்று சொல்லக்கூடும். அங்கே பெரும்பாலும் போடுகிற உலோகக் குழாய்க் கால்களில் ஒரு சாவியைத் திருப்பிக் கோணத்தை மாற்றலாம். உங்களுடையது, கோணம் சரிபார்த்தபின் பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டிவிட்ட கால். அதைத் திருப்ப முடியாது. ஆகவே காலுக்கு ஏற்ற சப்பாத்தைத் தேட வேண்டுமே தவிர, சப்பாத்துக்கு ஏற்றபடி காலை மாற்றும் யோசனை வேண்டாம்.

தம்பியிடம் கடைக்கு ஒரு அடிமட்டத்தையும் கொண்டு போகச் சொல்லுங்கள். சப்பாத்தைத் தட்டையான இடத்தில் வைத்து, குதியின் நடுவில் அடி எவ்வளவு தடிப்பு, பெருவிரலுக்குப் பின்னால் பாதம் அகலமாக இருக்கும் இடத்தில் எவ்வளவு தடிப்பு என்று இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குத் தேவை. நீங்கள் தினமும் போடுகிற செருப்பிலும் அதே அளவை எடுங்கள். சப்பாத்தின் வித்தியாசம் செருப்பின் அளவோடு ஒத்திருக்க வேண்டும், அல்லது அதைவிடக் குறைவாக இருக்கலாம். குறைந்தால் குதிக்கு அடியில் ஒரு தோல் துண்டு வைத்துச் சரிப்படுத்திவிடலாம், ஐந்து நிமிட வேலை. கூடினால் வழியில்லை. கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது சப்பாத்தின் வாய். பொய்ப்பாதம் விரலை நீட்டாது, கணுக்காலை மடிக்காது. நீளக் கழுத்துள்ள இறுக்கமான சப்பாத்துக்குள் அதை நுழைப்பது பெரும்பாடு. பக்கத்தில் சிப் வைத்து அடிவரை திறக்கிற, கணுக்காலுக்குச் சற்று மேலே முடிகிற சப்பாத்தாக இருக்கட்டும். பாதத்தின் மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் பையைப் போட்டு உள்ளே தள்ளினால் வழுக்கிக்கொண்டு இறங்கும், பிறகு பையை உருவிவிடலாம். காலைப் போடுவதற்கு முன்பே, மடியில் வைத்துச் சப்பாத்தை மாட்டிவிடுங்கள். பாரத்தையும் பாருங்கள். அடியில் தொங்குகிற ஒவ்வொரு நூறு கிராமும் உங்கள் முழங்கால் பட்டியைக் கீழே இழுக்கும். மெத்தென்ற ரப்பர் அடி, ஆழமான பள்ளங்கள், குறைந்த பாரம். அழகு கடைசி. இரண்டு காலுக்கும் ஒரே சோடி என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் வலது காலுக்கு ஒன்று, பொய்க்காலுக்குப் பழைய சப்பாத்து என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். இடுப்பு நோகிறதென்று அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

எங்கட ஆட்களின் வீடுகளில் சப்பாத்தை வாசலில் கழற்றுவது சுவிஸிலும் மாறவில்லை. வெளியே ஒரு உயரம், உள்ளே வெறும் மேசுடன் வேறு உயரம் என்று நாள் முழுக்க மாறினால் முழங்கால் குழம்பும். அதோடு மேசு போட்ட ரப்பர் பாதம் மரத்தரையில் வழுக்கும். வெளியே மண்ணில் படாத, அதே குதி அளவுள்ள, பிடிப்பான ஒரு வீட்டுச் செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மச்சாள் கோபிக்க மாட்டா.

இனிக் குளிர். டாவோஸில் தை மாத இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை வரை இறங்குவது சாதாரணம். வெட்டிய கால் நுனியில் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் மற்ற இடங்களைப் போல இருக்காது. விறைத்தாலும் உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். இதற்குப் பலர் செய்வது சொக்கெட்டுக்குள் இன்னும் இரண்டு மேசுகளைத் திணிப்பது. அது கூடாது. இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், முன்னையதைவிட விறைக்கும். சூடு வேண்டுமென்றால் சொக்கெட்டுக்கு வெளியே போடுங்கள். தொடை வரை இழுக்கிற ஒரு தடித்த கம்பளி உறையைப் பொய்க்காலின் மேல் முழுதாகப் போர்த்தி, அதற்கு மேல் காற்சட்டை. உள்ளே போடும் மேசு, கால் வீங்கி வற்றுவதற்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க மட்டும்தான்.

குளிர்நாட்டில் வியர்வையைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று யோசிப்பீர்கள். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் ஹீட்டர் போட்டிருப்பார்கள். கோட்டோடு உள்ளே போனால் பெலைட்டுக்குள் வியர்க்கும். நனைந்த மேசோடு திரும்ப வெளியே வந்தால் அந்த ஈரம்தான் குளிரை எலும்பு வரை கொண்டு போகும். கைப்பையில் எப்போதும் உலர்ந்த மேசு இரண்டு வைத்திருங்கள், மத்தியானம் ஒரு தடவை மாற்றுங்கள். அதற்குக் காற்சட்டை ஒத்துழைக்க வேண்டும். இறுக்கமான லெகின்ஸ் போட்டால் ஒரு மேசு மாற்ற முழு உடுப்பையும் கழற்ற வேண்டிவரும். விளையாட்டு வீரர்கள் போடுகிற, பக்கவாட்டில் கீழிருந்து சிப் திறக்கிற காற்சட்டை தேடுங்கள். மேலுக்கு உடலோடு ஒட்டிய தேர்மல் உள்ளுடுப்பு, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் ஈரமும் புகாத கோட். தேர்மலில் பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. நத்தார்ப் பூசைக்குச் சேலை கட்டத்தான் வேண்டுமென்றால் பையில் கொண்டுபோய் அங்கே கட்டுங்கள். பனியில் சேலைத் தலைப்பும் கரையும் காலுக்குள் சிக்கும்.

ஈரமான மேசுகளையோ பெலைட்டையோ ஹீட்டரின் மேல் காயப்போட வேண்டாம். பெலைட் சூட்டில் நெகிழ்ந்து வடிவம் மாறுகிற பொருள். அதைச் சூடாக்கித்தான் உங்கள் காலின் அச்சுக்கு வளைத்திருப்பார்கள். ஹீட்டரில் ஒரு இரவு வைத்தால் காலையில் அது வேறு யாருடைய காலுக்கோ செய்தது மாதிரி இருக்கும்.

வெடிக்குமா என்று கேட்டீர்கள். பொலிபுரோப்பிலீனுக்கு அடி தாங்கும் சக்தி பூச்சியப் பாகையை அண்டும்போதே குறையத் தொடங்கும், உண்மைதான். அதற்காக நடக்கும்போது படாரென்று உடையாது. உங்கள் உடம்பின் சூடும் உள்ளே இருக்கிறது. ஓங்கி அடிபடுவதும், இரவு முழுக்க வெளியே காருக்குள் விட்டுவிட்டுக் காலையில் எடுத்து மாட்டுவதும்தான் ஆபத்து. போகுமுன் பட்டி ஆணியைச் சுற்றியும், பாதம் பொருத்திய இடத்திலும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை அளவில் ஒரு கோடு தெரிந்தாலும் அந்தக் காலோடு விமானம் ஏற வேண்டாம், முதலில் கால் செய்த நிலையத்துக்குப் போங்கள். ரப்பர் பாதம் குளிரில் சற்று இறுகும், நடையில் துள்ளல் குறையும், அவ்வளவுதான். இந்தப் பொலிபுரோப்பிலீன் முறையை உலகமெங்கும் பரப்பியது ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச செஞ்சிலுவைக் குழு. ஒரு கணக்கில் உங்கள் கால் தாய்வீட்டுக்குப் போகிறது.

இனி நடை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி பயப்படுகிற அளவுக்கு வழுக்காது. மிதித்தால் கறுக் கறுக் என்று சத்தம் போட்டுக் காலைப் பிடித்துக்கொள்ளும். ஆளை விழுத்துவது, பகலில் கரைந்து இரவில் உறைந்த கண்ணாடிப் பனிக்கட்டி. சில இடங்களில் தார் றோட்டு ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும். அதனால் விடியற்காலை நடை வேண்டாம். வெயில் ஏறியபின் பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு, மலைக்குப் பின்னால் வெயில் மறையுமுன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சுவிஸில் குளிர்காலத்தில் நடப்பதற்கென்றே பனியை அழுத்திச் சமப்படுத்திய பாதைகள் உண்டு, இளஞ்சிவப்பு நிறப் பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகையை விட்டு விலகாமல் போங்கள்.

எப்படி நடப்பது என்று உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மாரி மழையில் ஊறிய வயல் வரம்பில் போகிற அதே நடைதான்: சின்ன அடி, முழங்கால் சற்றுத் தளர்வாக, உடம்பின் பாரம் முன்காலுக்கு நேர் மேலே, பாதம் முழுவதும் ஒன்றாக நிலத்தில் பட வேண்டும். குதியை முதலில் குத்தி நீட்டி நடக்கக் கூடாது. ஏறும்போது வலது கால் முன்னால், இறங்கும்போது பொய்க்கால் முன்னால். இறக்கம்தான் கஷ்டம்; செங்குத்தாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பிப் படியிறங்குவது போல இறங்குங்கள். கைத்தடியை வலது கையில் பிடியுங்கள். தடியின் நுனியில் மடக்கக்கூடிய ஆணி பூட்டி விற்கிறார்கள், சப்பாத்துக்கு மேல் இழுத்துப் போடுகிற ஆணி ரப்பரும் இருக்கிறது. தம்பியிடம் இரண்டையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் கடைக்குள், ஸ்ரேசனுக்குள் நுழையுமுன் ஆணியை மடக்கவோ கழற்றவோ வேண்டும். கல் பதித்த தரையில் ஆணி, பனிக்கட்டியைவிட மோசமாக வழுக்கும்.

மச்சாளின் வீல்செயாரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அன்பில் சொல்லியிருக்கிறா, அதற்குப் பயன் உண்டு: விமான நிலையத்தில், பெரிய கடைத்தொகுதியில், கால் புண்பட்ட நாளில். ஆனால் பனியில் அது உதவாது. முன்னால் இருக்கிற சின்னச் சில்லுகள் புதைந்துகொள்ளும், தள்ளுகிறவரும் வழுக்குவார். பனி மூடிய இடத்தில் உங்களுக்கு உங்கள் காலே மேல். இதை மச்சாளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

விமானத்தில் ஒரு விஷயம். பல மணி நேரம் அசையாமல் இருந்தால் கால் நுனி வீங்கும். வசதிக்கென்று கழற்றி வைத்தால் இறங்கும்போது சொக்கெட்டுக்குள் போகாது. கழற்றுவதானால் உடனே இலாஸ்ரிக் பண்டேஜ் சுற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டியை மட்டும் தளர்த்தி, மணிக்கொரு தடவை எழும்பி நடவுங்கள். ரிக்கெற் போடும்போதே உதவி தேவையென்று பதியச் சொல்லுங்கள், பிந்தினாலும் பறப்புக்கு 48 மணித்தியாலம் முன். படி ஏறுவேன், நீண்ட தூரம்தான் கஷ்டம் என்றால் அதற்கான குறியீடு டபிள்யூ.சி.எச்.ஆர். முகவர் வேறு குறியீடு போட்டால் உங்களைத் தூக்கி ஏற்ற ஆள் அனுப்புவார்கள்.

பாதுகாப்புச் சோதனையில் ஆணி, பட்டிக் கொளுவி எல்லாம் சத்தம் போடும். பெண் அலுவலரையும் தனி அறையையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பஞ்சுத் துண்டால் காலைத் துடைத்து ஒரு இயந்திரத்தில் வைப்பார்கள், அது வெடிமருந்துச் சோதனை. யாருக்கும் செய்யக்கூடியதுதான், எங்கட ஆட்களுக்கு மட்டும் அது வேறு மாதிரிக் குத்தும், தெரியும். உடம்பில் இன்னும் எடுக்காத செல் துண்டு ஏதும் இருந்தால் எங்கே என்று டொக்டரின் ஆங்கிலக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அங்கே ஏதாவது காரணத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அந்தக் கடிதம் இன்னும் முக்கியம். இல்லாத கால் வலிக்கிற பிரச்சினை உங்களுக்கு இருந்தால் குளிரில் அது கூடலாம். போடுகிற மருந்தை ஒரு மாதத்துக்குப் போதுமான அளவு, டொக்டர் எழுதிய துண்டோடு கைப்பையில் கொண்டு போங்கள்.

பழைய கால் இருந்தால் எறிய வேண்டாம், அதையும் பெட்டியில் வையுங்கள். கூடவே ஒரு மேலதிகப் பட்டியும் மடிக்கிற ஊன்றுகோலும். ஊன்றுகோல் எதற்கென்றால், சுவிஸ் நேரம் குளிர்காலத்தில் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். முதல் சில நாட்கள் இங்கே எழும்புகிற நேரத்துக்கே விழிப்பு வரும், அங்கே அப்போது நடுச்சாமம் கழிந்த நேரம். எல்லோரும் நித்திரை. குளியலறைக்குக் காலில்லாமல் துள்ளிக்கொண்டு போய் விழுகிறவர்கள் அப்போதுதான் விழுகிறார்கள். வெளியே பனியில் விழுகிறவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

ஒவ்வொரு இரவும் கண்ணாடி பிடித்துக் கால் நுனியைப் பாருங்கள். சிவப்பு கால் மணித்தியாலத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் அடுத்த நாள் பொய்க்கால் இல்லை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். அங்கே காற்று வறண்டது, தோல் வெடிக்கும். கிறீமைப் படுக்கப்போகும்போது பூசுங்கள், காலையில் பூசி மாட்டினால் சொக்கெட்டுக்குள் வழுக்கும். அவசரத்துக்கு அம்புலன்ஸ் இலக்கம் 144.

விசா என் துறை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாளுக்குள் முடியாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். தம்பியிடம் 30,000 பிராங்குக்கு உத்தரவாதம் கேட்கலாம், அதை அவன் இப்போதே விசாரிக்கட்டும். காப்புறுதி எடுக்கும்போது விழுந்து பொய்க்கால் உடைந்தால் செலவு கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

திகதியை நான் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். தம்பி வேலை செய்வது ஹோட்டலில். நத்தாரிலிருந்து புதுவருடம் வரை டாவோஸ் ஹோட்டல்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். உங்களைக் கூட்டிக்கொண்டு நடக்க அவனுக்கு எங்கே லீவு? தையில் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தை ஒட்டி உலகப் பொருளாதார மாநாடு வந்துவிடும், ஊர் முழுக்கக் காவலும் நெரிசலும். இரண்டுக்கும் நடுவே, புதுவருடம் கழிந்த முதல் இரண்டு வாரங்கள் உங்களுக்குத் தோதானவை. பங்குனியில் பகல் நீளம், குளிர் குறைவு என்று யாராவது சொல்வார்கள். காலின் பக்கமிருந்து பார்த்தால் அதுதான் மோசமான காலம், பகலில் கரைந்து இரவில் உறைகிற கண்ணாடி அப்போதுதான் அதிகம். நத்தாரை அங்கேயே கொண்டாட வேண்டுமென்றால் கொண்டாடுங்கள், ஆனால் நடையைத் தம்பியின் லீவு நாளுக்கு வையுங்கள்.

எங்கே நடப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். நகரத்திலிருந்து சற்சால்ப் என்ற இடத்துக்குக் கேபிள் இழுக்கிற ஒரு சிறு ரெயில் ஏறுகிறது, சில நிமிடப் பயணம். மேலே 1,861 மீற்றர். காசநோய்க்காரருக்கு மலைக்காற்று மருந்தென்று நம்பிய காலத்தில், 1900 இல் அங்கே ஒரு பெரிய ஆரோக்கிய நிலையம் கட்டினார்கள், இப்போது ஹோட்டல். அதைச் சுற்றி நடக்கலாம், திரும்பவும் ரெயிலிலேயே இறங்கலாம். மற்றவர்கள் அங்கிருந்து மரச் சறுக்குவண்டியில் கீழே வருவார்கள். உங்களுக்கு அது வேண்டாம், அந்த வண்டிக்குக் கால்தான் பிறேக். பனிச்சறுக்கே உங்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் சறுக்கும் முறையை வளர்த்தவர்களே இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த ஆஸ்திரிய, ஜெர்மானிய ஆட்கள்தான். 1976 இல் சுவீடனில் முதல் குளிர்காலப் பராலிம்பிக்கும் நடந்தது. ஆனால் அதற்குப் பழக்குநர் வேண்டும், உரிய கருவி வேண்டும். முதல் பயணத்தில் நடை போதும்.

உயரத்தை நினைத்து அம்மா பயந்தால், டாவோஸ் சுமார் 1,560 மீற்றர், நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் என்று சொல்லுங்கள். அவவுக்குப் பிரஷர் இருந்தால், இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிற மலையுச்சிக் கேபிள் கார்களுக்கு முதல் நாட்களில் ஏற்ற வேண்டாம். கண் ஒப்பரேசன் செய்திருந்தால் கறுப்புக் கண்ணாடி அவசியம், பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கூசவைக்கும்.

பயிற்சிக்கு உங்களுக்கு வெளியே தேடத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் பின்னேரங்களில் உலர்ந்த மணலில், மூடிய சப்பாத்தோடு நடந்து பழகுங்கள். புதுப்பனியில் கால் புதைவதும் எடுப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். வந்ததும் பாதத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு ஆணிகளைத் தின்னும். முடிந்தால் மார்கழியில் ஒரு இரவு நுவரெலியாவில் தங்கி, விடியக் குளிரில் கால் எப்படி இருக்கிறதென்று பாருங்கள். அங்கே விறைத்தால் கம்பளி உறையின் தடிப்பைக் கூட்ட நேரம் இருக்கும்.

முதல் வேலை சப்பாத்து. தம்பி அளந்து வாங்கி, அங்கிருந்து லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடட்டும். அது கைக்கு வந்ததும் காலோடும் பழைய செருப்போடும் உங்களுக்குக் கால் செய்த நிலையத்துக்குப் போய், அவர்கள் முன்னால் சரிவில் ஏறி இறங்கிக் காட்டுங்கள். ரிக்கெற்றுக்குக் காசு கட்டுவது அதற்குப் பிறகு.